பீடி சுற்றும் வீட்டில் எது தரவு? சமூகவியல் ஆய்வேடு எழுதப்போகிறவர்களுக்கு

சமூகவியல் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொண்டுவரும்போது பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும்: ‘இன்ன மாவட்டத்தில் இன்ன தொழில் செய்யும் பெண்களின் சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகள் – ஒரு சமூகவியல் ஆய்வு.’ தொழிலின் இடத்தில் பூ விற்பவர், சித்தாள், ஜவுளிக்கடை ஊழியர் என்று யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தலைப்புக்கு முன்பே முறையும் முடிவாகியிருக்கும். நூறு பேர், முப்பது கேள்விகள், ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று தொடங்கும் ஐந்து கட்டங்கள், கடைசியில், இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) ஒன்று. ஏன் நூறு என்று கேட்டால், போன வருடத்து அண்ணன் நூறு எடுத்தார் என்பார்கள்.

நெல்லைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இன்னமும் பிள்ளைகள் தலைப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். முறையைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முதலில். அதற்கு எது சான்றாக நிற்கும் என்பது அடுத்து. அந்தச் சான்றை யாரிடமிருந்து, எப்போது, எப்படித் திரட்டுவது என்பது அதற்கும் பிறகு.

உதாரணத்துக்குப் பீடியையே எடுத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் அம்மா சுற்றினாள், சித்தி சுற்றினாள், என்னிடம் படித்த பெண்களில் பலர் கல்லூரி விட்டுப் போய்ச் சுளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொள்கிறவர்கள்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

‘பீடித் தொழிலாளர்களின் பிரச்சினைகள்’ என்பது வெறும் தலைப்பு. அதற்குள் எத்தனையோ கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த ஊரில் எத்தனை பெண்கள் சுற்றுகிறார்கள்? இது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் ஏன் அம்மாவோடு சேர்ந்து சுற்ற மறுக்கிறார்கள்? இதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். பீடிக் காசை வீட்டில் யார் கையாளுகிறார்கள்? இதைக் கேட்டால் ஒரு பதில் வரும், கூட இருந்து பார்த்தால் வேறொரு பதில் வரும். முப்பது வருடங்களில் இந்த ஊரில் பீடி எப்படித் தேய்ந்தது? இதற்குப் பழைய காகிதங்கள் வேண்டும், நினைவுள்ள ஆச்சிகள் வேண்டும்.

எண்ணத் தகுந்ததை அளவுசார் தரவு என்றும், சொல்லாகவும் செயலாகவும் கிடைப்பதைப் பண்புசார் தரவு என்றும் பாடப்புத்தகம் பிரிக்கும். நீங்களே திரட்டினால் முதன்மைத் தரவு, வேறு யாரோ வேறு எதற்கோ திரட்டி வைத்திருந்தால் இரண்டாம் நிலைத் தரவு. தேர்வுக்கு இவ்வளவு போதும். களத்துக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு தரவிடமும் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?

வீட்டை விட்டுக் கிளம்புமுன்

ஏற்கெனவே இருப்பதைப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊர் வாரியாக இணையத்தில் கிடைக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுநிலைத் தொழிலாளர். வேலையின் வகைகள் நான்கு: சாகுபடி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. பீடியை வீட்டுத் தொழில் கட்டத்தில் தேடுங்கள். கடைசியாகக் கையில் இருப்பது 2011 கணக்கு, 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. 2011-இல் தென்காசி என்று தனி மாவட்டமே கிடையாது, 2019-இல்தான் பிரிந்தது. ஆகவே தென்காசிக்கு மாவட்ட எண் தேடி நேரத்தைப் போக்காமல் தாலுகா, ஊர் எண்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 2017 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவருக்கும் வேலை நிலைக்கு ஒரு குறியீடு உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்காகத் தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இந்த இரண்டு குறியீடுகளும் தொழிலாளர் எண்ணிக்கையில் சேரா. கூலிக்குப் பீடி சுற்றும் பெண் முறைப்படி இவற்றுக்குள் வரக்கூடாது. ஆனால் வாசலில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். “என்ன வேலை பார்க்கிறீர்கள் அக்கா?” என்று கேட்டால், “வேலைக்கெல்லாம் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்” என்பார். சொல்லும்போதே கை நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் அவரைக் கேட்கக்கூட மாட்டார்கள், திண்ணையில் இருக்கும் ஆண் எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிடுவார். கணக்கெடுக்க வந்தவர் இன்னொரு கேள்வி கேட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த அக்கா தொழிலாளி ஆகிறார் அல்லது ஆகாமல் போகிறார்.

அதற்காக அரசுப் புள்ளிவிவரத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். எப்படிக் கேட்டார்கள் என்று படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நல்ல உதாரணம். ‘வேலை செய்கிறீர்களா’ என்று கேட்பதற்குப் பதிலாக, முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை ஒவ்வோர் அரை மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாகத் தெரிந்தது. இந்தச் சராசரி அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டுமானது. பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்று வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். இதைச் சேர்க்காமல் 97 நிமிடத்தை மட்டும் மேற்கோள் காட்டினால் ஆண்கள் எல்லோரும் தினமும் ஒன்றரை மணி நேரம் பாத்திரம் துலக்குகிறார்கள் என்று ஆகிவிடும். என்னிடம் வந்த ஆய்வேடுகளில் இந்தக் குளறுபடியை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

ஆவணங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். சுற்றிய பீடியைக் கம்பெனிக்காக வாங்கிக்கொள்ளும் இடம்தான் பீடிக்கடை. அங்கே கொடுக்கும் பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்தப் பெயருக்குத்தான் வருங்கால வைப்பு நிதி. சுளகைச் சுற்றி உட்காருவதோ அம்மா, இரண்டு மகள்கள், சில நேரம் பக்கத்து வீட்டு மதினி. பாஸ் புத்தகத்தை எண்ணினால் கம்பெனி யாரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்கிறது என்று தெரியும். எத்தனை பேர் சுற்றுகிறார்கள் என்று தெரியாது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897-இல் ஐரோப்பிய அரசுகளின் பதிவுகளை வைத்துத் தற்கொலை பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக்கும் பின்னாளில் எழுந்த முக்கியமான எதிர்ப்பு இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒரு சாவைத் தற்கொலை என்று பதிவேட்டில் எழுதும் முடிவிலேயே குடும்பத்தின் வெட்கமும் மதமும் அதிகாரியின் வழக்கமும் கலந்திருக்கின்றன என்றார்கள் விமர்சகர்கள்.

காலமாற்றத்தைப் பற்றிய கேள்வி என்றால் நம் மாவட்டத்துக்கே ஒரு கொடுப்பினை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்தார், 1918-இல் அது நூலாக வந்தது. இருவேல்பட்டு, வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி ஆகியவற்றோடு நம் கங்கைகொண்டானும் அதில் உண்டு. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டை அதன் பிறகும் பலர் மறு ஆய்வு செய்திருக்கிறார்கள். கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழில் வளாகம் நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளே இந்தப் பழைய விவரங்களைப் புரட்டாமல் ‘ஊரக மாற்றம்’ என்று தலைப்பு வைப்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கேட்பது எப்படி

எண்ணிக்கைதான் உங்கள் கேள்வி என்றால் வினாப்பட்டியல் தயாரியுங்கள். ஆனால் நூறு பேரை எங்கிருந்து எடுப்பீர்கள்? கடைக் கணக்குப்பிள்ளையிடம் பட்டியல் வாங்கினால் பாஸ் புத்தகம் உள்ளவர்கள்தான் கிடைப்பார்கள். தெரிந்த அக்காவைப் பிடித்து, அவர் இன்னொருவரைக் காட்டி, அவர் இன்னொருவரைக் காட்டினால் பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே கடை. அப்படிப் போவது தவறில்லை, சிதறிக் கிடப்பவர்களைத் தேட வேறு வழியும் இருக்காது. ஆனால் அதிலிருந்து ‘மாவட்டத்தில் இத்தனை சதவீதம்’ என்று எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொண்டு, எல்லாத் தெருவிலும் வீட்டு வரிசையை நீங்களே எழுதி, ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று ஒழுங்காக எடுங்கள். நாற்பது வீடு கிடைத்தாலும் அதைப் பற்றி நேர்மையாகப் பேச முடியும். பூட்டியிருந்த வீட்டைக் குறித்துவைத்து மாலையில் திரும்பப் போங்கள். பக்கத்து வீட்டால் அதை ஈடுகட்டக் கூடாது, பகலில் பூட்டியிருக்கும் வீடு வேறு வகையான வீடு.

கேள்விகள் கண்ணுக்குத் தெரியும் பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். ‘உங்கள் மாத வருமானம் என்ன?’ என்று கேட்டால் வாயில் வந்த எண்ணைச் சொல்வார்கள். போன வாரம் கடையில் எத்தனை ஆயிரம் பீடி போட்டீர்கள், சரியில்லை என்று எவ்வளவு பீடியைக் கழித்தார்கள், இலை பற்றாமல் வெளியில் வாங்கினீர்களா, கடைசியில் கையில் எவ்வளவு வந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. நாள் கணக்கில் கேட்டால் உங்களுக்காக அவர்கள் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை வீட்டுக்கு வந்து நீங்கள் போடுங்கள்.

ஐந்து கட்ட அளவுகோலை நான் ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை, அதற்கு உரிய இடங்கள் உண்டு. ஆனால் வெயிலில் வந்து நின்று, ‘பீடித் தொழில் என் தன்மதிப்பை உயர்த்துகிறது – முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், நடுநிலை…’ என்று வாசித்தால் அந்த அக்கா என்ன செய்வார்? பிள்ளை பாஸாகட்டும் என்று எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்பார். அந்த ஆமாமைக் கணினியில் ஏற்றி மூன்று தசம இடத்துக்கு விடை எடுப்பார்கள். வினாப்பட்டியலை முதலில் உங்கள் தெருவில் நான்கைந்து பேரிடம் வாசித்துப் பாருங்கள். கேட்டவர் எங்கே புருவத்தைச் சுருக்குகிறாரோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

‘ஏன்’ என்ற கேள்விக்கு நீண்ட நேர்காணல்தான் வழி. சுளகுக்கு எதிரே தரையில் உட்காருங்கள், நாற்காலி போட்டால் மறுத்துவிடுங்கள். வயதைப் பார்த்து அக்கா, சித்தி, ஆச்சி என்று கூப்பிடுங்கள். ‘மேடம்’ என்றால் அவர்களும் உங்களிடம் அலுவலகத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சனிக்கிழமையோ கணக்கு முடிக்கும் நாளோ போகாதீர்கள், அன்று எண்ணிக்கை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பார்கள். “நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்” என்று தொடங்கினால் பெரும்பாலும் அடுத்த கேள்விக்கே தேவை வராது. இலை ஊறவைத்தது, தண்ணீர் பிடித்தது, இலை வெட்டிக்கொண்டே சின்னவனுக்குப் பாடம் சொன்னது, நாடகம் ஓடும்போது சுற்றியது, விளக்கணைத்த பிறகு முனை மடக்கியது என்று அந்த நாள் முழுவதும் வந்து விழும். மாமியார் வந்து அருகில் உட்கார்ந்தால் பேச்சு மாறும். எந்த இடத்தில் மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் தரவுதான். ஒலிப்பதிவு செய்யச் சம்மதம் கேளுங்கள். எழுத்தாக்கும்போது அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். ‘பீடி சுத்துன கை சோத்துக்கு ஆகல’ என்று ஒருவர் சொன்னால், ‘வருமானம் போதுமானதாக இல்லை எனப் பதிலளித்தார்’ என்று எழுதுவது அவர் வாயை அடைப்பதற்குச் சமம்.

பார்ப்பது எப்படி

உற்றுநோக்கல்தான் மாணவர்கள் அதிகம் பயப்படும் முறை, நான் அதிகம் நம்பும் முறையும் அதுவே. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடி ஊரே வேலையிழந்தபோது, 1930களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசெல் ஆகியோரின் குழு அங்கே போனது. வேலையின்மை மனிதர்களை என்ன செய்கிறது என்பது அவர்கள் கேள்வி. அதற்காக வாழ்க்கைக் கதைகளைக் கேட்டார்கள், சாப்பாட்டுக் கணக்குகளை வாங்கினார்கள். தொழிலாளர் நூலகத்தின் பதிவேட்டைப் பார்த்தபோது, கைநிறைய நேரம் இருந்தும் புத்தகம் எடுப்பது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு ஜன்னலோரம் மறைவாக நின்று, கையில் கடிகாரத்தோடு, தெருவில் போகிறவர்களின் நடைவேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். ஆலை வேலை போயிருந்தாலும் பெண்களுக்கு வீட்டு வேலை போகவில்லை. ‘உங்கள் மனநிலை எப்படி’ என்று யாரிடமும் கட்டம் நிரப்பச் சொல்லாமலே கிடைத்த விடை இது. அளவுசார், பண்புசார் என்ற பிரிவினையெல்லாம் அந்த ஜன்னலோரத்தில் எங்கே நிற்கிறது, சொல்லுங்கள்!

நம் வேலைக்கு அதைப்போல எளிமையான ஓர் இடம் பீடிக்கடை. சுற்றிய பீடியைப் பெண்கள் கொண்டுவந்து கொடுக்கும் நேரத்தில், சம்மதம் வாங்கிக்கொண்டு, ஓர் ஓரமாக நில்லுங்கள். யார் பீடியை எவ்வளவு நேரம் பரிசோதிக்கிறார்கள், யாருடையது அதிகம் கழிக்கப்படுகிறது, யார் எதிர்த்துப் பேசுகிறார், யார் பேசாமல் வாங்கிக்கொள்கிறார், கழித்த பீடி எங்கே போகிறது என்று பாருங்கள். குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், நேரத்தோடு. வலப்பக்கம் நீங்கள் நினைத்தது. ‘கணக்குப்பிள்ளை கடுமையாக நடந்துகொண்டார்’ என்பது வலப்பக்கம். ‘இரண்டு கட்டுகளைப் பிரித்து உதறினார், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை’ என்பது இடப்பக்கம். அன்றிரவே விரித்து எழுதுங்கள், மறுநாள் பாதி போய்விடும்.

நீங்கள் எங்கே தங்குகிறீர்கள், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்தபோது அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே தங்கியதாலேயே ஆதிதிராவிடர் குடியிருப்போடு தாராளமாகப் பழக முடியாமல் போனதை அவரே பதிவு செய்திருக்கிறார். நீங்கள் அந்த ஊர்ப் பிள்ளையாகவே இருந்தாலும் இது பொருந்தும். உங்கள் சாதியும் தெருவும் உங்களுக்கு முன்னால் போய்ச் சில கதவுகளைத் திறந்து வைக்கும், சிலவற்றைச் சாத்தி வைக்கும். எவை சாத்தியிருந்தன என்று ஆய்வேட்டில் எழுதுங்கள்.

கோட்பாட்டு அத்தியாயம் பற்றி இரண்டு வரி. சமூகத்தையும் இயற்கையைப்போல வெளியிலிருந்து அளக்கலாம் என்பது ஓர் அணுகுமுறை. மனிதர் தம் செயலுக்குத் தரும் அர்த்தத்தை உள்ளிருந்து புரிந்துகொள்ள வேண்டும் என்பது, மாக்ஸ் வெபர் வழிவந்த இன்னொன்று. யாருக்கு யார்மேல் அதிகாரம் என்பதிலிருந்து தொடங்குவது மூன்றாவது. மூன்றையும் பக்கம் பக்கமாக நகலெடுத்து ஒட்டுவதை விட, உங்கள் கேள்வி எதன் பக்கம் சாய்கிறது, ஏன் என்று ஒரு பத்தி சொந்தமாக எழுதினால் போதும்.

தரவுகள் சண்டை போட்டால்

வினாப்பட்டியலில் ‘பீடிக் காசை நான்தான் செலவழிக்கிறேன்’ என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நேர்காணலில் அதே பெண்கள், மகளிர் குழுக் கடனுக்கும் மளிகைக்கும் கொடுத்த பிறகு மிச்சமில்லை என்கிறார்கள். கடையில் பார்த்தால் காசு வாங்க மகன் வந்து நிற்கிறான். பிள்ளைகள் பதறிப்போய், எதை எழுதட்டும் என்று கேட்பார்கள். மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் மூன்று விஷயங்களைச் சொல்கின்றன: வெளியாளிடம் எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார், காசு எங்கே போகிறது, யார் கை வழியாகப் போகிறது. ஒத்துப்போகாத இடத்தை மழுப்பி ஒரே வாக்கியமாக்கினால் ஆய்வில் உருப்படியாகக் கிடைத்ததையும் தொலைத்துவிடுவீர்கள்.

சம்மதம், பெயர், பிரதி

எதற்காகக் கேட்கிறீர்கள், யார் படிப்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரசு உதவி வாங்கித் தருவீர்கள் என்ற எண்ணத்தில் பேசுகிறார்கள் என்று தோன்றினால் அப்போதே நிறுத்தித் தெளிவுபடுத்துங்கள். ஆட்களின் பெயரை மாற்றுங்கள், தேவைப்பட்டால் ஊரின் பெயரையும். பெத்தெய் எழுதிய ‘ஸ்ரீபுரம்’ அப்படி வைத்த பெயர்தான். பெயரை மாற்றிவிட்டு, ‘ஊராட்சித் தலைவரின் இரண்டாவது மருமகள்’ என்று எழுதினால் மாற்றியும் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் ஒரு குழந்தை சுளகோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என்ன செய்வது என்பதைக் களத்துக்குப் போகுமுன் உங்கள் வழிகாட்டியோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் குழந்தைக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

குறிப்புகளுக்குப் பிரதி எடுங்கள், பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூருக்கு அருகே ராம்புரா என்ற ஊரில் களப்பணி செய்து, பல வருடங்கள் உழைத்துச் செப்பம் செய்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் சேதமாயின. மூன்றும் ஒரே அறையில் இருந்தன. நினைவைக் கொண்டு அவர் எழுதிய புத்தகம் 1976-இல் வந்தது, புகழும் பெற்றது. அந்த நினைவு நமக்கு வாய்க்காது. அதனால் செல்போனில் உள்ள ஒலிப்பதிவை அன்றன்றே இன்னோர் இடத்தில் ஏற்றிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் முதலில் கேட்பது எத்தனை சாம்பிள் என்பதாகத்தான் இருக்கும். நாற்பது வீடு, எட்டு நீண்ட நேர்காணல், பீடிக்கடையில் ஒரு மாதம் என்று சொன்னால் முகம் சுளிப்பார். அப்போது, எந்தத் தெருவில் எந்த வீட்டை ஏன் எடுத்தோம், எது பூட்டியிருந்தது, எந்தக் கேள்விக்கு எந்தத் தரவு என்று போட்ட அட்டவணையை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் திறந்து காட்டுங்கள். அதை மட்டும் அச்சுக்குக் கொடுக்குமுன் இரண்டு முறை சரிபாருங்கள்.